பந்தியில் இடம்பிடித்த புளிப்பு: கிரான்பெர்ரி சாஸ் பிறந்த கதை

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் பண்டிகை. முந்தின நாளே வான்கோழிக்கு உப்பும் மசாலாவும் தடவி ஊறவைப்பார்கள். விடிந்ததும் அதை ஓவனில் ஏற்றி மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். பூசணிக்காய் பை, மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகளில் செய்த ஸ்டஃபிங் என்று வீடே மணக்கும். எல்லாம் மேசைக்கு வந்த பிறகு, கடைசியாக ஒரு தகர டப்பாவைத் திறப்பார்கள். தட்டில் கவிழ்த்தால் முதலில் அசைந்துகொடுக்காது. டப்பாவின் அடியில் ஒரு துளை போட்டால், ‘சொளக்’ என்ற சத்தத்தோடு அடர்சிவப்பு ஜெல்லி ஒன்று வழுக்கி விழும். டப்பாவின் வரிகள்கூட அச்சு அசலாக அதன்மேல் பதிந்திருக்கும். அதை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்குவார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சமைத்த விருந்தில் இந்த டப்பா ஜெல்லிக்கு என்ன வேலை என்று கேட்டால், அது இல்லாமல் பண்டிகையா என்று திருப்பிக் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் டப்பாவைத் தொடாமல், புதுப் பழம் வாங்கி அதே சாஸைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். டப்பாவோ வாணலியோ, கிரான்பெர்ரி சாஸ் இல்லாத விருந்து அங்கே குறைப்பட்ட விருந்துதான்.

நம் ஊரில் இந்தப் பழம் உலர்பழமாகத்தான் அறிமுகம். சூப்பர் மார்க்கெட்டில் உலர்திராட்சை, அத்திப்பழத்துக்குப் பக்கத்தில், சுருங்கிப்போய் இனிப்பாகப் பொட்டலத்தில் கிடக்கும். அதைத் தின்றுவிட்டுக் கிரான்பெர்ரி இனிப்பான பழம் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவீர்கள். கொடியிலிருந்து பறித்த பழம் நம் களாக்காய்க்கு அண்ணன். கடித்தால் பல் கூசும். துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். 100 கிராம் பழத்தில் சர்க்கரை சுமார் 4 கிராம்தான். திராட்சையில் ஏறக்குறைய நான்கு மடங்கு உண்டு.

தனியாகத் தின்ன ஆகாத பழம் இது. அப்படிப்பட்ட பழம் ஒரு தேசத்தின் பெரும் பண்டிகையில் எப்படி நிரந்தர இடம் பிடித்தது? ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் இதனுடன் எதையோ சேர்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சேர்மானங்களின் கதைதான் இந்த சாஸ் பிறந்த கதை.

கொழுப்பும் இறைச்சியும்

கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் சொந்தப் பழம்; புளூபெர்ரிக்கு நெருங்கிய உறவு. மரத்தில் காய்ப்பதில்லை, புதரிலும் இல்லை. புளிப்பேறிய சதுப்பு நிலத்தில் தரையோடு தரையாகப் படரும் கொடியில் காய்க்கிறது. மாசசூசெட்ஸ் கரையோரத்தில் வாழ்ந்த வாம்பனோக் மக்களும் அவர்களின் அண்டைப் பழங்குடிகளும் இலையுதிர் காலத்தில் சதுப்புக்குப் போய்க் கூடை கூடையாகப் பறித்துவந்தார்கள். பச்சையாகத் தின்றார்கள், உலர்த்தினார்கள், கூழில் போட்டுக் காய்ச்சினார்கள், காயத்துக்கு அரைத்துப் பூசினார்கள், துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். உலர்ந்த இறைச்சியைத் தூளாக இடித்து, உருக்கிய கொழுப்பும் பழமும் சேர்த்துப் பிசைந்து பெமிக்கன் என்ற கட்டுச்சோறும் செய்தார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் உணவு அது.

கெடாமல் இருப்பதற்குப் பழமும் ஒரு காரணம். கிரான்பெர்ரியில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருக்கிறது. நம் ஊறுகாய்ப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் பென்சோயேட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்குமே, அது இந்த அமிலத்தின் உப்புதான். தொழிற்சாலையில் நாம் சேர்ப்பதை இந்தப் பழம் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக் கப்பல்காரர்கள் பீப்பாயில் தண்ணீர் ஊற்றிப் பழத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு கடலேறியதும் இந்தத் துணிச்சலில்தான். மாதக்கணக்கான பயணத்தில் ஸ்கர்வி நோய் தாக்காமல் இருக்க அது கைகொடுத்தது.

1621ஆம் ஆண்டு பிளிமத் குடியேற்றத்தில் ஆங்கிலேயரும் வாம்பனோக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைத்தான் முதல் தேங்ஸ்கிவிங் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்த விருந்தில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வாம்பனோக் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களோடு வந்தார், ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள், விருந்து மூன்று நாள் நடந்தது என்று அதில் இருக்கிறது. கிரான்பெர்ரி பற்றிப் பேச்சே இல்லை. பழம் பக்கத்துச் சதுப்பில் கிடைத்திருக்கும். ஒரு கறியில் போட்டும் இருப்பார்கள். ஆனால் சாஸ் காய்ச்சியிருக்க வழியில்லை. அதற்கு வேண்டிய சர்க்கரை அந்தக் குடியேற்றத்தில் அரிய பண்டம்.

சர்க்கரை வந்தது

அடுத்த ஐம்பது ஆண்டில் நிலைமை மாறியது. ஜான் ஜோசலின் என்ற ஆங்கிலப் பயணி, நியூ இங்கிலாந்தின் செடிகொடிகள், பிராணிகள் பற்றி 1672இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பழங்குடிகளும் ஆங்கிலேயரும் இந்தப் பழத்தைச் சர்க்கரையோடு வேகவைத்து, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சாஸ் செய்கிறார்கள் என்று அதில் பதிவு செய்திருக்கிறார். இறைச்சியோடு புளிப்புச் சாஸ் சேர்ப்பது ஆங்கிலேயருக்குப் பழகிய ருசிதான். ஊரில் வேறு பழங்களில் செய்ததை இங்கே கிடைத்த பழத்தில் செய்தார்கள்.

சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்து, கப்பலேறி பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மலிய மலிய, கிரான்பெர்ரி சாதாரண வீட்டு அடுப்புக்கும் வந்தது. ஒரு பை பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை வேண்டும் என்கிற சாஸ், சர்க்கரை மலிவாகாமல் பரவியிருக்கவே முடியாது.

1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அமெலியா சிம்மன்ஸ் எழுதிய ‘அமெரிக்கன் குக்கரி’ வெளியானது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். வறுத்த வான்கோழிக்கு வேகவைத்த வெங்காயமும் கிரான்பெர்ரி சாஸும் வைத்துப் பரிமாறச் சொல்கிறது அந்தப் புத்தகம். வான்கோழிக்கும் இந்தப் பழத்துக்கும் முடிச்சு அச்சில் விழுந்தது அங்கேதான். கொழுப்பும் மாவும் வெண்ணெயும் மிகுந்த தட்டில் நடுவே ஒரு புளிப்பு இருந்தால் நாக்கு அலுக்காது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்போதும் தேங்ஸ்கிவிங் நியூ இங்கிலாந்து வட்டாரப் பண்டிகைதான். பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் இதை நாடு முழுவதற்குமான பண்டிகையாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகளுக்குக் கடிதம் போட்டார். உள்நாட்டுப் போர் நடுவே, 1863இல், ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். பண்டிகை நாடெங்கும் போனபோது நியூ இங்கிலாந்தின் சமையலும் கூடவே போனது: வான்கோழி, பூசணி பை, கிரான்பெர்ரி சாஸ். நவம்பரின் நான்காவது வியாழன் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கியது 1941இல்.

காற்று கொண்டுவந்த மணல்

நாடே கேட்க ஆரம்பித்தால் சதுப்பில் தானாகக் காய்ப்பது போதுமா? நல்ல வேளையாக, அதற்கு முன்பே விவசாயத்துக்கு வழி பிறந்திருந்தது. 1816 வாக்கில், மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியிலுள்ள டென்னிஸ் ஊரில் ஹென்றி ஹால் என்ற முன்னாள் படைவீரர் தன் நிலத்தில் ஒன்றைக் கவனித்தார். கடற்கரை மணல் காற்றில் பறந்து வந்து மூடிய இடத்தில் கிரான்பெர்ரிக் கொடி சாகவில்லை. முன்பைவிடச் செழித்துக் காய்த்தது. கொடிகளைப் பெயர்த்து நட்டு, வேலி போட்டு, வேண்டுமென்றே மணல் தூவிப் பார்த்தார். பலித்தது. மணல் மூடிய இடத்தில் கொடி புது வேர் விட்டு நிமிர்ந்த கிளைகளை அனுப்புகிறது. களையும் பூச்சியும் அடங்குகின்றன.

இன்றும் குளிர்காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டி, அது பனிக்கட்டியாக உறைந்ததும், அதன்மேல் வண்டி ஓட்டி மணலைப் பரப்புகிறார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது மணல் பூவிழுந்த மாதிரி மெல்லக் கொடிமேல் இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த மணல் குளியல். இப்படிப் பராமரித்தால் நூறாண்டு தாண்டிய கொடியும் காய்க்கும். எதற்கும் உதவாத சதுப்பு என்று ஒதுக்கிய நிலம், இதனால் விலைபோகிற நிலமாயிற்று.

நல்ல பழத்தைப் பிரிக்கவும் ஒரு வழி கிடைத்தது. கிரான்பெர்ரியைக் குறுக்கே நறுக்கினால் நான்கு காற்றறைகள் தெரியும். அந்தக் காற்றுதான் பழத்தைத் தண்ணீரில் மிதக்கவைக்கிறது, தரையில் போட்டால் துள்ளவைக்கிறது. நியூஜெர்சியில் மரக்கால் பொருத்தியிருந்த ஜான் வெப் என்பவர், பழக்கூடையோடு மாடிப்படி இறங்க முடியாமல் பழத்தைப் படியில் கொட்டிவிட்டாராம். நல்ல பழம் துள்ளித் துள்ளிக் கீழே வந்தது. அழுகலும் அடிபட்டதும் படியிலேயே தங்கிவிட்டன. விவசாயிகள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை இது. கதை எப்படியோ, அதே சூத்திரத்தில் இயந்திரம் வந்தது. சின்னப் பலகையைத் தாண்டிக் குதிக்கப் பழத்துக்குப் பல வாய்ப்பு கொடுக்கும். குதித்தது விற்பனைக்கு, குதிக்காதது குப்பைக்கு.

பறிப்பது மட்டும் நெடுங்காலம் முதுகொடியும் வேலை. மண்டியிட்டு, பல்வைத்த மரக் கோரியால் கொடியைச் சீவிப் பறிக்க வேண்டும். ஃபின்லாந்திலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையோரத்து கேப் வெர்டி தீவுகளிலிருந்தும் வந்த குடியேறிகள் அந்த வேலையைச் செய்தார்கள். குழந்தைகளும் செய்தார்கள். 1910, 1911 ஆண்டுகளில் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில், தங்கள் உயரத்துக்குப் பொருந்தாத பெட்டிகளைச் சுமந்து நிற்கும் சிறுவர்களை இன்றும் பார்க்கலாம்.

வக்கீல் செய்த டப்பா

பண்டிகைப் பழத்துக்குப் பண்டிகைதான் பலவீனம். செப்டம்பரில் தொடங்கும் அறுவடை நவம்பருக்குள் முடியும். விற்பனை டிசம்பரோடு சரி. அடிபட்ட பழத்தை வாங்க ஆளில்லை. மார்கஸ் யுரான் என்ற வக்கீல், தொழிலை விட்டுவிட்டு மாசசூசெட்ஸில் கிரான்பெர்ரி நிலம் வாங்கியவர். 1912இல் ஹான்சன் ஊரில் அடிபட்ட பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார். அவர் வைத்த பெயர் ‘ஓஷன் ஸ்ப்ரே’. நியூஜெர்சியில் எலிசபெத் லீ என்ற பெண்மணியும், தூக்கியெறிய வேண்டிய பழத்தைக் காய்ச்சி ஜெல்லியாக விற்றுக்கொண்டிருந்தார். இவர்களோடு பெரிய நிலக்காரரான ஜான் மேக்பீஸும் சேர்ந்து 1930இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். போட்டியாளர்கள் மூவர் ஒன்றாகச் சேர்ந்தால் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பாயும். ஆனால் விவசாயிகளின் கூட்டுறவுக்கு 1922ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. அந்த வாசல் வழியாக நுழைந்தார்கள்.

1941இல் அந்த உருளை ஜெல்லி நாடு முழுவதும் கடைக்கு வந்தது. அது கட்டியாக நிற்பதற்கு ஜெலட்டின் எதுவும் வேண்டியதில்லை. பழத்தின் தோலிலும் சதையிலும் பெக்டின் ஏராளம். அதோடு புளிப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் ஆறும்போது தானே உறைந்துவிடும். வாங்கும் ஆளுக்கு இனி பழத்தைக் காய்ச்சவும் வேண்டாம், பருவத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பின்னாளில் அறுவடை முறையும் டப்பாவுக்கு ஏற்ப மாறியது. வயலில் தண்ணீர் நிரப்பி, சக்கரம் சுழற்றும் வண்டியைக் கொடிமேல் ஓட்டினால் பழம் கழன்று மிதக்கும். செந்நிறக் கம்பளம் விரித்தாற்போல் ஏரி தெரியும் அந்தப் படத்தை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் தண்ணீரில் நனைந்த பழம் நாள் தாங்காது. நேராக ஆலைக்குப் போக வேண்டியதுதான். புதுப் பழமாகக் கடைக்கு வருவதை உலர் முறையில் சீவித்தான் எடுக்கிறார்கள். மொத்த விளைச்சலில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. விளைச்சலில் இன்று முதலிடம், கேப் காடிலிருந்து வெகு தொலைவிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்துக்கு. கணக்கு மட்டும் இன்னும் பழைய பீப்பாய்க் கணக்குத்தான். ஒரு பீப்பாய் என்றால் 100 பவுண்டு.

பண்டிகைக்குப் பதினேழு நாள்

1959 நவம்பர் 9. பண்டிகைக்கு இன்னும் பதினேழு நாள். சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் விளைந்த பழத்தின் ஒரு பகுதியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி இருக்கிறது. அது எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது என்றார். எந்தப் பழத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது என்றும் சொன்னார். கடைகள் சரக்கை எடுத்து உள்ளே வைத்தன. வெள்ளை மாளிகை விருந்திலேயே ஜனாதிபதியின் மனைவி மேமி ஐசனோவர் கிரான்பெர்ரிக்குப் பதில் ஆப்பிள் சாஸ் வைத்தார். ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால், அதில் போட்டியிடவிருந்த இருவரில், விஸ்கான்சினில் நிக்சன் பழத்தைத் தின்று காட்டினார், கென்னடி சாறு குடித்துக் காட்டினார்.

விவசாயிகள் அந்த ஆண்டு அடிவாங்கினாலும் பாடம் படித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வியாழக்கிழமையை நம்பி ஆண்டு முழுவதும் பயிர் செய்ய முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் சாறும், ஆப்பிள் கலந்த சாறும் சந்தையைப் பிடித்தன. சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தோலையும் வீணாக்காமல், சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்தினார்கள். நம் ஊர்ப் பொட்டலத்தில் இருக்கும் உலர் கிரான்பெர்ரியின் பூர்வீகம் இதுதான். அதன் இனிப்பில் பெரும்பகுதி பழத்தினுடையது இல்லை.

அடுப்படியில்

புதுப் பழத்தில் சாஸ் செய்வது சுலபம். கடையில் விற்கும் பை 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். ஒரு கப் தண்ணீரில் ஒரு கப் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கழுவிய பழத்தைக் கொட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கடுகு தாளிக்கும்போது வருகிற மாதிரி ‘பட் பட்’ என்ற சத்தம் வரும். உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து தோலைக் கிழிக்கிற சத்தம் அது. நுரை செந்நிறமாகப் பொங்கும். பாதிக்கு மேல் வெடித்ததும், சுமார் பத்து நிமிடத்தில், அடுப்பை அணைத்துவிட வேண்டும். தண்ணியாக இருக்கிறதே என்று மேலும் காய்ச்சினால் ஆறிய பிறகு கரண்டி இறங்காது. ஆரஞ்சுத் தோல் துருவலும் ஒரு துண்டு பட்டையும் போட்டால் வாசனை தூக்கும்.

கேக், மஃபின், ரொட்டி செய்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. முழுப் பழத்தை மாவில் போட்டால் அடியில் போய்த் தங்கும். இரண்டாக நறுக்கிக் கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போடுங்கள். சமையல் சோடா அதிகமானால் பழத்தைச் சுற்றி மாவு நீலப் பச்சையாக மாறும். சிவப்பு நிறமியின் குணம் அது, கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். வால்நட்டும் ஆரஞ்சும் கிரான்பெர்ரிக்கு நல்ல ஜோடி. செர்ரி கிடைக்காத காலத்தில் உலர்திராட்சையும் கிரான்பெர்ரியும் சேர்த்து ‘போலி செர்ரி பை’ செய்து சமாளித்தவர்களும் உண்டு. வானொலியாளர் சூசன் ஸ்டாம்பெர்க், தன் மாமியாரின் கைப்பக்குவம் என்று ஆண்டுதோறும் நவம்பரில் சொல்லிவந்த துவையலில் பச்சைப் பழம், வெங்காயம், புளித்த கிரீம், சர்க்கரை, காரமான ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு ஐந்தும் சேரும். நிறம் ரோஸ். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள், செய்தவர்கள் மறுபடி செய்தார்கள்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ் வீடுகளில் இந்தப் பழம் இன்னொரு அவதாரம் எடுத்திருக்கிறது: தொக்கு. நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, நறுக்கிய பழத்தை மஞ்சள்தூளோடு வதக்கி, மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறுகிறார்கள். கடைசியில் சிறிது வெல்லம். புளி வேண்டாம், பழத்திலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. நல்ல மாங்காய் கிடைக்காத குளிர் நாட்டில் தயிர்சாதத்துக்கு இதைவிடத் தோதான துணை இல்லை. நவம்பரில் விலை குறையும்போது நாலு பை கூடுதலாக வாங்கி, கழுவாமல் அப்படியே ஃப்ரீசரில் போட்டால் ஆண்டு முழுக்க வரும். எடுத்து, உறைநிலை மாறுவதற்கு முன்பே வாணலியில் போடலாம்.

கொழுப்பு, சர்க்கரை, மணல், தகரம், இப்போது மிளகாய்த்தூள். சேர்த்தவர்கள் பலர். ஆனால் இந்தப் பழம் உணவுதான் என்று முதலில் கண்டவர்களின் பெயர் டப்பாவிலும் இல்லை, பையிலும் இல்லை. தேங்ஸ்கிவிங் நாளில் பிளிமத்தில் 1970 முதல் பழங்குடி மக்கள் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபரின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் அக்வின்னா வாம்பனோக் மக்கள் கிரான்பெர்ரி நாள் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுப்பு. குடும்பம் குடும்பமாகச் சதுப்புக்குப் போய்ப் பழம் பறித்து, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மற்ற பண்டிகைகளில் கிரான்பெர்ரி விருந்தாளி. இது கிரான்பெர்ரிக்கென்றே நடக்கும் பண்டிகை. தேங்ஸ்கிவிங்கைவிட மூத்ததும் இதுதான்.